சன் டிவியின் ஆரம்ப காலத்தில் நிகழ்ச்சி டேப்புகள் ஏன் வெளிநாடு போயின?

பிராந்திய வணிகத் தொலைக்காட்சி என்றால், குறிப்பிட்ட ஒரு மொழிக்காரர்களுக்காக விளம்பர வருமானத்தில் ஓடும் தனியார் சேனல். அந்த வகைச் சேனலான சன் டிவி 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டன்று தொடங்கியது. அப்போது இந்திய மண்ணிலிருந்து செயற்கைக்கோளுக்கு ஒளிபரப்பை ஏற்றும் உரிமை தனியாருக்குக் கிடையாது. வானத்திலிருந்து இறங்குவதை டிஷ் வைத்துப் பிடிப்பதை மட்டும் பெரிதாக யாரும் தடுக்கவில்லை. அதனால் சென்னையில் தயாரான டேப்புகள் விமானமேறின. வெளிநாட்டிலிருந்து செயற்கைக்கோளுக்குப் போய், கேபிள்காரரின் மொட்டைமாடி டிஷ்ஷில் இறங்கி, ஒயர் வழியே வீட்டுக்குள் வந்தன. அடுத்த தெருவுக்கான கடிதத்தை வெளிநாட்டுத் தபால்பெட்டியில் போட்ட கதைதான்! சுடச்சுடச் செய்தி? டேப் பறக்கிற ஏற்பாட்டில் அது நடக்கிற காரியமில்லை.

அப்புறம், தமிழில் டிவியே சன்னோடுதான் வந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்றே வந்துவிட்டது.