மூளை ரத்தக்கசிவுக்கு ஆஞ்சியோகிராமில் காரணம் தெரியவில்லை, மறுபடியும் எடுக்க வேண்டுமா?

அப்பாவுக்கு மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்திருக்கிறது, ஆஞ்சியோவில் (சாயம் செலுத்தி மூளை ரத்தக்குழாய்களைப் படம் எடுப்பது) எதுவும் இல்லை, ஆனாலும் இரண்டு வாரத்துக்குள் மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள், அவசியமா என்று கேட்டிருக்கிறீர்கள். நரம்பியல் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் மருத்துவராகச் சொல்கிறேன்: பெரும்பாலும் அவசியம்தான்.

அடிபடாமல் இப்படிக் கசிவு வருகிறவர்களில் 100க்குச் சுமார் 15 பேருக்கு முதல் ஆஞ்சியோவில் காரணம் பிடிபடுவதில்லை. இவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. முதல் நாள் எடுத்த சிடி ஸ்கேனில் ரத்தம் எங்கே தேங்கியிருக்கிறது என்பதைத்தான் நாங்கள் முதலில் பார்ப்போம். நடுமூளைக்கு முன்னால் சின்ன இடத்தில் மட்டும் இருந்து, தரமான ஆஞ்சியோவும் சுத்தமாக இருந்தால் பெரிய நிம்மதி. அவர்களுக்கு மறுபடி கசிவது மிக அரிது, பெரும்பாலும் நன்றாகத் தேறிவிடுவார்கள். பல இடங்களில் அவர்களுக்கு இரண்டாவது ஆஞ்சியோ எடுப்பதே இல்லை.

ரத்தம் பரவலாக இருந்தால்தான் எனக்குக் கவலை. ரத்தக்குழாய்ச் சுவர் பலவீனமாகிப் புடைத்த அனியூரிசம் அங்கேயே இருக்கலாம், ஆனால் அதற்குள் ரத்தம் உறைந்திருந்தாலோ, குழாய் சுருங்கியிருந்தாலோ சாயம் உள்ளே போகாது, படத்திலும் தெரியாது. ஓரிரு வாரத்தில் உறைவு கரைந்து, சுருக்கம் விட்டபின் தெரியலாம். அப்படி ஒரு அனியூரிசத்தைக் கண்டுபிடித்து அடைத்துவிட்டால், உயிரைப் பறிக்கக்கூடிய அடுத்த கசிவைத் தடுத்துவிடலாம். இரண்டாவதிலும் இல்லையென்றால் மூளை, கழுத்துத் தண்டுவட எம்ஆர்ஐ பார்ப்போம். அபூர்வமாகத் தண்டுவடத்திலிருந்தும் கசியும்.

காரணம் தெரியவில்லை என்பதால் வீட்டுக்குக் கூட்டிப்போகக் கேட்காதீர்கள். ரத்தக்குழாய் சுருங்கும் ஆபத்து சுமார் 4ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை இருக்கும். அதற்காகத்தான் நிமோடிபின் மாத்திரை, வழக்கமாக 21 நாள். மூளைக்குள் நீர் தேங்கலாம், ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச்சத்தும் குறையலாம். அப்பா வழக்கத்தைவிட அதிகம் தூங்கினாலோ, பேச்சு குழறினாலோ உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். கூடவே இருக்கிற உங்கள் கண்ணுக்குத்தான் அது சட்டென்று தெரியும்.

மருத்துவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ரத்தம் நடுமூளைக்கு முன்னால் மட்டுமா, பரவலாகவா? எடுத்தது சிடி ஆஞ்சியோ மட்டுமா, குழாய் விட்டு எடுக்கும் டிஎஸ்ஏவா? சிடி ஆஞ்சியோ மட்டும்தான், ரத்தமும் பரவல் என்றால், டிஎஸ்ஏவைத் தள்ளிப்போடாதீர்கள். அப்புறம், அவர் முன்பு ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையவிடாத மாத்திரை சாப்பிட்டு வந்தவர் என்றால், மருத்துவர் சொல்லாமல் அதை மறுபடி ஆரம்பிக்கவே வேண்டாம்.