லுட்டைட்டுகள் முட்டாள்களா?

கேள்வி: இயந்திரம் வரும்போதெல்லாம் 'வேலை போச்சு' என்று கூப்பாடு போடுவது வழக்கம்தானே? அன்று இங்கிலாந்தில் இயந்திரங்களை அடித்து நொறுக்கிய லுட்டைட்டுகள், இன்று செயற்கை நுண்ணறிவைக் கண்டு அலறுபவர்கள். உலகம் நின்றா போய்விட்டது?

பதில்: உலகம் நிற்கவில்லை. அந்தத் தொழிலாளிகள் பலருடைய பிழைப்பு நின்றது. அவர்களை முட்டாள்கள் என்று எழுதிவைத்தவர்கள் ஜெயித்தவர்கள். நாம் ஏன் அதை ஒப்பிக்க வேண்டும்?

1811-இல் நாட்டிங்ஹாம் வட்டாரத்தில் உடைபட்டவை புத்தம்புது இயந்திரங்களே அல்ல. காலுறை பின்னும் இயந்திரத்தை வில்லியம் லீ 1589-இலேயே செய்துவிட்டார். இருநூறு வருஷமாக அதை வைத்துத்தான் அவர்கள் சோறு தின்றார்கள். ஆத்திரமெல்லாம் முதலாளிகள் மேல். அகல இயந்திரத்தில் துணியாகப் பின்னி, வெட்டித் தைத்து, சீக்கிரமே தையல் விட்டுப்போகும் மட்டமான காலுறைகளைச் சந்தையில் கொட்டினார்கள். முறைப்படி தொழில் பழகாத ஆட்களை உள்ளே விட்டுக் கூலியைக் குறைத்தார்கள். கூலியைக் குறைக்காத முதலாளியின் இயந்திரத்தைப் பல இடங்களில் யாரும் தொடவில்லை. இதையா கண்மூடித்தனமான பயம் என்கிறீர்கள்?

சங்கம் வைத்துக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். 1799, 1800 சட்டங்கள் சங்கம் சேர்வதையே தடைசெய்திருந்தன. மனுவும் கொடுத்துப் பார்த்தார்கள். பின்னல் தொழிலாளிகளுக்கான மசோதா 1812-இல் மக்கள் சபையைத் தாண்டி, பிரபுக்கள் சபையில் விழுந்தது. அதே ஆண்டு அதே நாடாளுமன்றம், இயந்திரத்தை உடைத்தால் தூக்கு என்று சட்டம் போட்டது. பிரபுக்கள் சபையில் தன் முதல் பேச்சையே அதற்கு எதிராகப் பேசியவர் கவிஞர் பைரன். அப்போது வயது 24. பலனில்லை. கொலை, ஆலைத் தாக்குதல், கொள்ளை என்று வழக்குகள் போட்டு, 1813 ஜனவரியில் யார்க் நகரில் 17 பேரைத் தூக்கிலிட்டார்கள்.

லங்காஷயர் கைத்தறிக்காரர்களின் கதை இன்னும் மோசம். தொழிலுக்குள் கூட்டம் நெருக்க, பின்னாலேயே விசைத்தறியும் வந்துசேர, முப்பது நாற்பது ஆண்டுகளில் கூலி ஏறக்குறைய கால் பங்காகத் தேய்ந்தது. புதிய வேலைகள் வந்தன, மறுக்கவில்லை. ஆனால் பஞ்சாலைகள் பெண்களையும் சிறுவர்களையும்தான் அதிகம் எடுத்தன. ஐம்பது வயதுத் தறிக்காரரை யார் கூப்பிட்டார்கள்? பேரன் காலத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று பசித்திருப்பவரிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

அதனால், இன்று பயப்படும் மொழிபெயர்ப்பாளரையோ கால்சென்டர் ஊழியரையோ பார்த்துச் சிரிக்காதீர்கள். மிச்சமாகும் சம்பளம் யார் கைக்குப் போகும், வேறு தொழில் பழகி முடிக்கும்வரை வீட்டு வாடகையை யார் கட்டுவார்கள் என்று கேட்கிறார்கள். இதற்கு உங்களிடம் பதில் இருந்தால் எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழிலேயே வெளியிடுகிறேன்.