விடுதி ஸஃப்பில் (தொழுகை வரிசையில்) வரும் அழுகை: வாசகர் கேள்வி பதில்

கே: நாகர்கோவிலில் கல்லூரி விடுதியில் முதலாண்டு படிக்கிறேன். ஊர் தேங்காப்பட்டணம். வீட்டில் தனியாகத் தொழும்போது வராத அழுகை, இங்கே சுபுஹு ஜமாஅத்தில் (அதிகாலைக் கூட்டுத் தொழுகையில்) நின்றால் வந்துவிடுகிறது. தொழுகை முறியுமா? பக்கத்தில் நிற்பவன் என்ன நினைப்பானோ என்று கூச்சமாகவும் இருக்கிறது.

ப: சத்தமில்லாமல் வடியும் கண்ணீரால் தொழுகை முறியாது. தேம்பல் ‘ஆ’, ‘ஊ’ என்று எழுத்தாக வெளிப்பட்டால்தான் சிக்கல். மறுமையை நினைத்து வந்த தேம்பல் என்றால் ஹனஃபி சட்டப்பிரிவினர் (மத்ஹபினர்) விட்டுவிடுவார்கள். உம்மா நினைப்பில் வந்தது என்றால் விடமாட்டார்கள். ஷாஃபி பிரிவினர் காரணம் கேட்பதில்லை, இரண்டு எழுத்து வெளிப்பட்டதா என்று பார்ப்பார்கள். அடக்க முடியாமல் வந்த கொஞ்சத்துக்கு மன்னிப்பு உண்டு. தேம்பல் முட்டும்போது பார்வையை ஸஜ்தா செய்யும் (நெற்றியைத் தரையில் வைக்கும்) இடத்திலேயே வைத்து, வாயை மூடி, மூக்கால் மெல்ல மூச்சு விடுங்கள்.

அழுகை வருவதில் வியப்பில்லை. தூக்கம் முழுதாய்க் கலையாத உடம்பு, சத்தமாக ஓதித் தொழவைக்கும் இமாம், இரு பக்கமும் உரசும் தோள். வாப்பா, உம்மாவை விட்டு வந்த பிள்ளைக்கு இதுவே தாராளம். பக்கத்தில் நிற்பவனுக்கும் அநேகமாக அதே நிலைதான். சில மாதங்களில் கண்ணீர் நின்றுபோனால் ஈமான் (இறைநம்பிக்கை) போய்விட்டதென்று பயப்படாதீர்கள். ஸஃப்பு பழகிவிட்டது, அவ்வளவுதான்.

கே: எங்கள் ஜமாஅத்தில் ஹனஃபி, ஷாஃபி இருவரும் உண்டு. குனூத் (நின்றபடி கேட்கும் துஆ) நேரத்தில் குழம்பி, பிறகு வெட்கப்படுகிறோம்.

ப: ஷாஃபி இமாம் சுபுஹின் இரண்டாம் ரக்அத்தில் (தொழுகைச் சுற்றில்) ருகூவிலிருந்து (குனிந்த நிலையிலிருந்து) எழுந்து கை ஏந்திக் குனூத் ஓதுவார். சுபுஹில் குனூத் ஓதாத ஹனஃபி மாணவர் பழக்கத்தில் நேரே ஸஜ்தாவுக்குப் போவார். நெற்றி பாயில் பட்ட பிறகுதான் பக்கத்துக் கால்கள் இன்னும் நிற்பது தெரியும். அப்படியே கிடக்காமல் எழுந்து சேர்ந்துகொள்ளுங்கள். ஹனஃபி கைகளைத் தொங்கவிட்டு மௌனமாக நின்றால் போதும். இதைப் பார்த்து யாரும் சிரித்துவிடாதீர்கள். வாய்விட்டுச் சிரித்தால் ஹனஃபிக்குத் தொழுகையோடு ஒளுவும் (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவிய சுத்தமும்) போகும்!

கே: அறையில் இரண்டு பேர்தான் தொழுகிறோம். ஜமாஅத் ஆகுமா? மற்ற இருவர் தூங்குகிறார்கள்.

ப: ஆகும். பின்தொடர்பவர் இமாமுக்கு வலப்பக்கம், அரையடி பின்தள்ளி நிற்கட்டும். மூன்றாமவர் வந்தால் இருவரும் பின்வரிசைக்குப் போக வேண்டும். அதற்கு இடமில்லாமல்தான் கட்டிலில் இடித்துக்கொள்கிறார்கள். பின்னால் நாலடி விட்டே பாயை விரியுங்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கிப்லா (தொழும்போது நோக்கும் மக்கா திசை) நேர் மேற்கு அல்ல, மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 24 பாகை. கடிகாரத்தின் 12-ஐ வடக்காக வைத்தால் 10-க்குச் சற்று முன். போன் திசைகாட்டியில் பார்ப்பதானால் இரும்புக் கட்டிலை விட்டுத் தள்ளி நின்று பாருங்கள், இல்லாவிட்டால் முள் விலகிவிடும். தூங்குபவர்களுக்காக அலாரத்தை அதிர்வில் வைத்துத் தலையணைக்கடியில் போடுங்கள். இகாமத்தும் (தொழுகை தொடங்கும் அழைப்பும்) ஓதலும் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்டால் போதும்.