ஊரடங்கில் விட்டுப்போன தடுப்பூசியை இப்போது போடலாமா?

கேள்வி: 2020 மே மாதம், ஊரடங்கு நேரத்தில், திண்டுக்கல் பக்கம் என் அம்மா வீட்டில் இருந்தபோது பையன் பிறந்தான். ஆறாவது, பத்தாவது வார ஊசிகள் அங்கேயே போட்டோம். பிறகு திருப்பூர் வந்துவிட்டோம். ஒன்பதாம் மாத ஊசி போட்டோம். பதினாலாவது வார ஊசியும் ஒன்றரை வயது ஊசியும் விட்டுப்போய்விட்டன. இப்போது வயது நாலே முக்கால். முதலிலிருந்து எல்லாம் போட வேண்டுமா? “நல்லாத்தானே ஓடியாடுறான், இனி எதுக்கு?” என்கிறார் கணவர்.

பதில்: முதலிலிருந்து வேண்டாம். இடைவெளி எத்தனை வருடமானாலும் போட்ட ஊசி கணக்கில் இருக்கும். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும்.

உங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை இது. கொரோனா காலத்திலும் பிரசவ வார்டுகள் இயங்கின, பிறந்தவுடன் போடும் ஊசிகளும் பெரும்பாலும் போடப்பட்டன. அறுந்தது வீட்டுக்கு வந்தபிறகான தொடர்புதான். கிராம சுகாதார செவிலியர்கள் காய்ச்சல் கணக்கெடுப்புக்கும் தொற்றுத் தடமறிதலுக்கும் போனார்கள். கட்டுப்பாட்டுப் பகுதிகளில் தடுப்பூசி முகாம்கள் நின்றன. தாய்வீட்டுப் பிரசவத்துக்குப் போனவர்கள் இ-பாஸ் இல்லாமல் மாதக்கணக்கில் அங்கேயே தங்கினார்கள். பெயர் ஒரு செவிலியரின் பதிவேட்டில், குழந்தை இன்னொருவரின் பகுதியில். இரண்டு பேருமே தேடவில்லை. இந்தியாவில் ஒரு டோஸ் முத்தடுப்பு ஊசிகூட (தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னிக்கானது) போடாத குழந்தைகள் 2019-இல் சுமார் 14 லட்சம். 2020-இல் 30 லட்சத்தைத் தாண்டியது.

உங்கள் கணவருக்கான பதில் 2022 இறுதியில் மும்பையில் கிடைத்தது. கோவண்டி போன்ற நெரிசலான பகுதிகளில் தட்டம்மை பரவி, குழந்தைகள் இறந்தார்கள். கொரோனா ஆண்டுகளில் ஊசி தவறியது அதற்கு முக்கியக் காரணம். தட்டம்மை பரவாமலிருக்க நூற்றில் 95 பேருக்காவது இரண்டு டோஸும் போட்டிருக்க வேண்டும். உங்கள் பையனுக்கு இதுவரை வராததற்கு, அவனுக்குப் போட்ட ஒரு டோஸோடு, சுற்றியிருந்த பிள்ளைகள் ஊசி போட்டிருந்ததும் காரணமாக இருக்கலாம். பள்ளிக்கூடத்தில் அப்படியே அமையும் என்று யார் உறுதி தருவது?

இனி செய்ய வேண்டியது. ஒன்றரை வயதில் விட்ட தட்டம்மை–ரூபெல்லா இரண்டாவது டோஸுக்குத்தான் முதலிடம்: அரசுத் திட்டத்தில் ஐந்து வயது வரைதான் அது கிடைக்கும், உங்களுக்கு மூன்று மாதமே மிச்சம். போலியோ சொட்டு மருந்துக்கும் அதே வரம்பு. பதினாலாவது வாரத்தில் விட்ட பென்டாவலன்ட் (முத்தடுப்பும் சேர்ந்த ஐந்து நோய்த் தடுப்பூசி) மூன்றாவது டோஸையும் அன்றே போடலாம். முதல் டோஸ் ஒரு வயதுக்குள் போட்டிருப்பதால் தொடர்ச்சிக்குத் தடையில்லை. ஒரே நாளில் வேறு வேறு இடத்தில் இரண்டு ஊசி குத்துவதில் ஆபத்து இல்லை, அழுகைதான் கூடும். பென்டாவலன்ட் போட்டதிலிருந்து ஆறு மாதம் கழித்து முத்தடுப்பு பூஸ்டர். ஏழு வயதுவரை இதைப் போடலாம். இந்த பூஸ்டருக்குப் பிறகு இன்னொன்று வேண்டுமா என்பதை அப்போதைய வயதைப் பார்த்து மருத்துவர் சொல்வார். ரோட்டா வைரஸ் சொட்டு தவறியிருந்தால் கவலை வேண்டாம், அதன் வயது தாண்டிவிட்டது.

அட்டை தொலைந்திருந்தால், கர்ப்பகாலத்தில் கொடுத்த பிக்மி எண்ணை (கர்ப்பப் பதிவு எண்) தேடுங்கள். பையன் பிறந்த ஊர் சுகாதார நிலையப் பதிவேட்டிலும் கேளுங்கள். தட்டம்மை ஊசியை ஒருமுறை கூடுதலாகப் போட்டால் கெடுதல் இல்லை. முத்தடுப்பு ஊசியைத் தேவைக்குமேல் போட்டால் கை வீங்கி வலிக்கலாம், எனவே பதிவைத் தேடிப் பார்ப்பது வீண்வேலை அல்ல. எங்குமே சான்று கிடைக்காத டோஸைப் போடாததாகவே கொள்ள வேண்டும்.

திருப்பூரில் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு புதன்கிழமை காலையில் போங்கள். முகவரி மாறியதைச் சொல்லிப் பெயரை அங்கே பதியவையுங்கள். ஆறு மாதம் கழித்து வரும் பூஸ்டரை நினைவூட்ட அவர்களிடம் உங்கள் போன் எண் இருக்கும். லேசான சளியோ இருமலோ இருந்தால் அதற்காக நாளைத் தள்ளிப்போட வேண்டாம்.