ஈத்தைல் அசிட்டேட்டா, மெத்தில் புரோப்பனோயேட்டா?

ஒரு சேர்மத்துக்கு ஐஆர் (அகச்சிவப்பு) நிறமாலையில் 1740 செ.மீ⁻¹ பக்கம் உச்சம், புரோட்டான் என்எம்ஆரில் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) 1.25 ppmஇல் டிரிப்லெட் (மூன்றாகப் பிளந்த உச்சம்), 2.04இல் சிங்லெட் (பிளவில்லாத உச்சம்), 4.12இல் குவார்டெட் (நான்காகப் பிளந்தது); இதை மெத்தில் புரோப்பனோயேட் என்று எழுதியது ஏன் தவறு என்று கேட்டிருக்கிறீர்கள்.

எஸ்டர் என்பது வரை சரி. உச்சங்களின் பிளவை மட்டும் பார்த்துவிட்டீர்கள், அதுதான் சிக்கல். இரண்டு எஸ்டருக்கும் பிளவு ஒன்றேதான், பரப்பு விகிதமும் 3:3:2தான். நானும் இதே குழியில் விழுந்தவன்!

குவார்டெட் நிற்கும் இடத்தைப் பாருங்கள். அந்த மெத்திலீன் (CH₂) ஆக்சிஜனை ஒட்டியிருந்தால்தான் 4.12 வரை போகும். கார்போனைலை (C=O) ஒட்டியிருந்தால் 2.3 அருகிலேயே நின்றிருக்கும். சிங்லெட்டும் அப்படித்தான், மெத்தாக்சி (OCH₃) என்றால் 3.7 பக்கம் வந்திருக்கும். ஆக, ஈத்தைல் அசிட்டேட்.

அப்புறம், நிறை நிறமாலை கையில் இருந்தால் m/z (நிறை/மின்னூட்டம்) 43இல் பெரிய உச்சம் தெரிகிறதா பாருங்கள். மெத்தில் புரோப்பனோயேட் என்றால் 57 காட்டும்.