பள்ளிக்கூடத்து ஈமெயிலைக் கடைசி வரி வரை படியுங்கள், தங்கச்சி

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். வீட்டுக்காரர் இங்கிலாந்தில் கோவென்ட்ரியில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்துவிட்டார், ஆகஸ்ட் கடைசியில் நீங்களும் ஐந்து வயது மகளும் உசிலம்பட்டியிலிருந்து கிளம்புகிறீர்கள், செப்டம்பரில் பிள்ளை இயர் ஒன்றில், அதாவது அங்கத்து ஒன்றாம் வகுப்பில், சேரப்போகிறாள். "பாடப் புத்தகமே கிடையாதாம், மாசத்துக்கு ஒரு வேஷம், ஒரு விழாவாம். பாடம் நடத்துவார்களா அக்கா, இல்லை டியூஷன் வைக்கணுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகை, அரிசி, குளிர்ச் சட்டை.

அரிசி கிடைக்கும், இட்லி அரிசியே கிடைக்கும். குளிர்ச் சட்டையை அங்கே போய் வாங்குங்கள். வாடகை விஷயத்தை வீட்டுக்காரரோடு வேலை பார்ப்பவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். நான் அடிபட்டது அங்கேதான்.

நாங்கள் போனது 2017 ஜனவரி. மகனுக்கு ஐந்தரை வயது, இதே இயர் ஒன்று. போன இரண்டாவது மாதம், மார்ச் 2, வியாழக்கிழமை. குளித்து, தலை சீவி, இஸ்திரி போட்ட யூனிஃபார்ம் மாட்டி, கையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். பள்ளி வாசல் தெரிந்தபோது எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புலி நிற்கிறது, சூனியக்காரி நிற்கிறாள், முகமூடி போட்ட கொள்ளைக்காரன் நிற்கிறான். டீச்சரே பெரிய தொப்பி வைத்து நின்றிருந்தார். மொத்தக் கூட்டத்தில் யூனிஃபார்மில் வந்தவன் என் பிள்ளை ஒருவன்தான். அவன் அழவில்லை. என் கையை விட்டுவிட்டு, ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை மெதுவாக இழுத்துவிட்டுக்கொண்டான். உள்ளே இருக்கும் யூனிஃபார்ம் வெளியே தெரியக்கூடாதாம். சாயங்காலம் கூப்பிடப் போனபோதும் அந்த ஜிப் கழுத்தில்தான் நின்றது. அன்றைக்கு எடுத்த வகுப்பு போட்டோவிலும் அப்படியேதான் இருக்கிறான்.

அது உலகப் புத்தக நாள். நமக்கு ஏப்ரல் 23 தெரியும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் அதை மார்ச் மாதத்து முதல் வியாழக்கிழமையில் வைத்துக்கொள்கிறார்கள். ஏப்ரலில் ஈஸ்டர் லீவு குறுக்கே வந்துவிடும் என்பதால் அப்படி. பிள்ளைகள் ஏதாவது ஒரு கதையில் வரும் ஆளாக வேஷம் போட்டு வருவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பவுண்டு புத்தக டோக்கன் தருவார்கள், அதைக் கடையில் கொடுத்தால் ஒரு சின்னப் புத்தகம் கிடைக்கும்.

இதையெல்லாம் எழுதி ஈமெயில் வந்திருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னாலேயே வந்திருந்தது. மேலே இரண்டு வரி பார்த்தேன், பார்க்கிங் பற்றி ஏதோ இருந்தது, மூடிவிட்டேன். அது என் தப்பு. ஆனால் இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதே பள்ளியில் நம் ஊர்க் குடும்பங்கள் நான்கு இருந்தன. எல்லோரும் ஒரே வாட்ஸப் குழுவில் இருந்தோம். பிரியாணி ஆர்டர் வரும், பட்டுப்புடவை விற்பனை வரும், குட்மார்னிங் வரும். "நாளைக்கு வேஷம் போட்டு அனுப்பணும்" என்று ஒருத்தர் ஒரு வரி போடவில்லை. புதுசாக வந்தவர்களுக்கு இது தெரியாது என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் இப்போது யார் கேட்டாலும் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாட்களைச் சொல்லிவிடுகிறேன். அக்டோபரையொட்டி அறுவடைத் திருநாள் வரும், டின்னில் அடைத்த உணவு கொண்டுவரச் சொல்வார்கள், அது இல்லாதவர்களுக்கு இலவசமாகச் சாப்பாட்டுப் பொருள் தரும் ஊர் உணவு வங்கிக்குப் போகும். நவம்பரில் ஒரு நாள் இரண்டு காலிலும் வேறு வேறு சாக்ஸ் போட்டு வரவேண்டும். யாரையும் கேலி செய்து நோகடிக்கக் கூடாது என்று சொல்லித்தரும் வாரம் அது. அதே மாதத்தில் கண்ணில் கட்டுப் போட்ட மஞ்சள் கரடி ஒன்று எல்லா இடத்திலும் வரும், புள்ளி போட்ட சட்டையோடு போய்க் கொஞ்சம் காசு போட்டால் ஏழைப் பிள்ளைகளுக்குப் போகும். டிசம்பரில் கிறிஸ்துமஸ் ஸ்வெட்டர். மார்ச்சில் புத்தக நாள், சில வருஷம், சிவப்பு மூக்கு மாட்டித் தர்மக் காசு சேர்க்கும் சிவப்பு மூக்கு நாளும் சேர்ந்துவரும். இவை போக, அந்தந்த வகுப்புப் பாடத்துக்கென்று ரோமானியர் நாள், வைக்கிங் நாள் என்று தனியாக வைப்பார்கள். வெளியே கூட்டிப்போனால் விருப்பப்பட்டுத் தரும் தொகை என்று எழுதியிருக்கும். பள்ளி நேரத்தில் நடக்கிற பயணம் என்றால், கையில் இல்லை என்று ஆபீசில் சொன்னால் போதும். பணம் தராததற்காகப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பது அங்கே சட்டம்.

வேஷத்துக்குக் கடையில் இருபது பவுண்டு கொடுக்காதீர்கள். போட்டி போட்டு வாங்கி, போட்டோ போட்டு, அடுத்த வருஷம் சின்னதாகிப் போனதும் தூக்கிப் போடுகிற நம்மவர்கள் நிறைய உண்டு. அது வேண்டாம். நம் ஊருக்கு வேஷம் புதுசா? சித்திரைத் திருவிழாவில் மாசி வீதியில் பாருங்கள், மூன்று வயதுப் பிள்ளை மீனாட்சியாகக் கிளி வைத்துக்கொண்டு வரும். அழகருக்கு நேர்ந்துகொண்டவர்களுக்குச் சல்லடம் என்ற அரைக்கால் சட்டையும் உருமா என்ற தலைப்பாகையும் தைத்துத் தந்தது புது மண்டபத்துத் தையல்காரர்கள்தான். இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருக்கிறார்கள்.

மகன் இயர் நான்கு படித்தபோது ரோமானியர் நாள் வந்தது. எல்லோரும் படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு வருவார்கள் என்று சொன்னான். நான் அப்பாவின் நாலு முழ வேட்டியை எடுத்தேன், அரக்குக் கரை போட்டது. இடது தோளில் கொசுவி, வலது கைக்குக் கீழே கொண்டுவந்து திரும்பத் தோளில் போட்டு ஒரு ஊக்கு. டீச்சர் வேட்டியைப் பார்த்ததும் அவனை வகுப்பின் நடுவில் நிறுத்தினாராம். ரோமில் பெரிய வீட்டுச் சிறுவர்கள் கட்டிய டோகாவில் ஊதாக் கரை இருக்கும், பெரியவனானதும் கரையில்லாத வெள்ளைக்கு மாறுவார்கள், இவன் ஒருவன்தான் சரியாக வந்திருக்கிறான் என்றாராம். மதுரைப் பக்கம் ரோமானியக் காசு கிடைத்திருக்கிறது, நம் ஊர் மிளகு அங்கே போனது என்று தாத்தா போனில் சொன்னதை அவன் அன்றைக்கு வகுப்பில் சொல்லிவிட்டு வந்தான்.

பாடம் நடத்துகிறார்களா என்று கேட்டீர்களே, இதுதான் பாடம். இயர் இரண்டில் லண்டன் பெருந்தீ வரும். 1666 செப்டம்பர் 2, புட்டிங் லேனில் ஒரு ரொட்டிக் கடையில் பிடித்த நெருப்பு. பிள்ளைகள் அட்டைப் பெட்டியில் மர வீடு செய்தார்கள். என் மகன் செய்த வீட்டின் கூரைக்குத் தீக்குச்சி ஒட்டப் போனான், நான்தான் பிடுங்கி வைத்தேன். மைதானத்தில் எல்லா வீட்டையும் நெருக்கமாக அடுக்கி, ஓரத்தில் சிலவற்றை மட்டும் தள்ளி வைத்து டீச்சர் தீ வைத்தார். காற்று எந்தப் பக்கம், நெருப்பு எந்த வீட்டுக்குத் தாவுகிறது, எது தப்பித்தது என்று தூரத்தில் நின்று எழுதச் சொன்னார். தள்ளி நின்ற வீடு தப்பியது. ஏன் என்று ஆறு வயதுப் பிள்ளை எனக்கு விளக்குகிறான். இது நடந்தது 2018 வசந்தத்தில். அந்தப் பிப்ரவரி 2-ஆம் தேதி இரவுதான் நம் மீனாட்சி கோயில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. அம்மா போனில் அழுதது அவன் காதில் விழுந்திருக்கிறது. "எங்கள் ஊரிலும் எரிந்தது, கடைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன" என்று வகுப்பில் எழுந்து சொல்லியிருக்கிறான். மறுநாள் கோயில் படம் ஒன்று வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

டியூஷன் பற்றி. ஐந்து வயதில் சனிக்கிழமை முழுக்க டியூஷன் வைத்துவிட்டு, "பள்ளியில் வெறும் விளையாட்டு" என்று சொல்கிறவர்கள் உங்களுக்கும் அங்கே வாய்ப்பார்கள். கேட்காதீர்கள். இயர் ஒன்றின் ஜூனில் ஃபோனிக்ஸ் சோதனை, அதாவது எழுத்தின் ஒலியைச் சேர்த்துப் படிக்கும் சோதனை உண்டு, நாற்பது சொல். அதில் பாதி அர்த்தமே இல்லாத சொல்லாக இருக்கும், ஒலியை ஒட்டிப் படிக்கிறதா என்று பார்ப்பதற்காக. ஏ, பி, சி என்று பெயர் சொல்லிப் பழக்காதீர்கள், ஒலியைச் சொல்லுங்கள். நம் பிள்ளைகளுக்கு இது எளிது. தமிழில் 'அ' என்ற எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்றுதானே. வீட்டில் தமிழை விடாதீர்கள், இங்கிலீஷை அந்தப் பள்ளி பார்த்துக்கொள்ளும்.

என் அம்மா வாடிப்பட்டிப் பக்கம் தொடக்கப்பள்ளி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். 2007 வாக்கில் அரசுப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தபோது, பிள்ளைகள் பெஞ்சை விட்டுப் பாயில் வட்டமாக உட்கார்ந்து, அட்டை எடுத்து, பாடங்களை ஏணிப்படி போல வரிசையாகக் காட்டும் படத்தைப் பார்த்துத் தாங்களே படித்தார்கள். அப்போதும் ஊரில் இதே பேச்சுதான்: "தரையில் உட்காரவைத்து விளையாட விடுகிறார்கள்." இங்கிலாந்துப் பள்ளியைப் பற்றி நான் பெருமையாகச் சொன்னால், "நாங்க செஞ்சதுதானே" என்பார் அம்மா. சரியாகத்தான் சொல்கிறார்.

இரண்டு எச்சரிக்கை பாக்கி இருக்கிறது. கடலை மிட்டாயை ஊரிலிருந்து கொண்டுபோகும் பெட்டியில் வைக்கலாம், பள்ளிக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கடலை ஒவ்வாமையால் உயிருக்கே ஆபத்து வரும் பிள்ளைகள் உண்டு. பிறந்தநாளுக்குக் கொண்டுபோன மிட்டாயை வாசலிலேயே திருப்பித் தந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது, காரணம் தெரிந்ததும் போய்விட்டது. அடுத்தது லீவு. பள்ளி நடக்கும் நாளில் அனுமதி இல்லாமல் ஊருக்கு வந்து ஐந்து நாள் தவறினால் அபராதம், ஒரு பிள்ளைக்குப் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் 80 பவுண்டு. அழகர் ஆற்றில் இறங்குவதை நான் போனிலேதான் பார்க்கிறேன். இது மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால்தான் பள்ளி லீவு விட்டதும் இந்த ஆடியில் வந்து செல்லூரில் அம்மா வீட்டில் இருக்கிறேன். இங்கிலாந்தில் பிறந்த சின்னவள் இயர் நான்குக்குப் போகிறாள். பழைய நாகரிகம் என்று எகிப்தை எடுக்கும் பள்ளிகள்தான் அதிகம், இவள் வகுப்பில் சிந்துவெளி எடுக்கிறார்கள். நேற்று கீழடி அருங்காட்சியகத்தில் பானை ஓட்டில் கீறியிருந்த எழுத்தைப் பார்த்துப் பார்த்து நோட்டில் வரைந்துகொண்டாள். வகுப்பில் காட்டுவாளாம்.

சனிக்கிழமை பதினோரு மணிக்குக் குன்னத்தூர் சத்திரத்தில் அவளுக்குப் பாவாடை அளவு கொடுக்கப் போகிறேன். உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடலாம். மகளையும் கூட்டிக்கொண்டு வாங்க. மார்ச்சுக்கு எந்தக் கதையில் வருகிற ஆளாகப் போகவேண்டும் என்று இப்போதே கேட்டு வையுங்கள். தைக்க நாலு நாள் ஆகும் என்றார் தையல்காரர். கொஞ்சம் பெரிதாகவே அளவு சொல்லலாம், பிள்ளை அதற்குள் வளர்ந்துவிடும்.