கேளுங்கள், சொல்கிறோம்: புகை குடித்த வத்தல்

'சிபோட்லே' என்று சாஸ் பாட்டிலில் போட்டிருக்கிறது. அது மிளகாயின் பெயரா, ஊரின் பெயரா? எப்படி உச்சரிப்பது?
– வாசகி, திருநகர், மதுரை

ஊர்ப் பெயர் இல்லை. மெக்சிகோவின் நாவாட் மொழிச் சொல். 'சில்லி' என்றால் மிளகாய், 'போக்ட்லி' என்றால் புகை. இரண்டும் சேர்ந்த 'சில்போக்ட்லி' ஸ்பானியர் வாயில் சிபோட்லே ஆனது. தக்காளிக்கு நாவாட் மொழியினர் சொன்ன 'டொமாட்ல்'தான் டொமேட்டோ ஆனது. ஆங்கிலத்தின் 'சில்லி'யும் அங்கிருந்து வந்ததே.

நீங்கள் நினைக்கும் ஊர்ப் பெயர் இதன் பச்சை வடிவத்தில் இருக்கிறது. ஹலபேனோ என்பது ஹலாப்பா நகரத்து மிளகாய். அதே காய் செடியிலேயே சிவக்கப் பழுத்து, பறித்துப் புகையில் காய்ந்தால் சிபோட்லே. செடி ஒன்றுதான், பதம்தான் வேறு. ஆகவே சிபோட்லே விதை என்று யாராவது விற்றால் அது ஹலபேனோ விதைதான்.

உச்சரிப்பில் முதல் எழுத்தை 'சிவப்பு' போல 'ஸ' சாயலில் சொல்லக் கூடாது, 'பச்சை'யில் வரும் அழுத்தமான ச்ச வேண்டும். அழுத்தம் 'போ'வில் விழும். கடைசி 'லே'யை விழுங்கி 'சிபாட்டில்' என்பதும், எழுத்தை இடம் மாற்றி 'சிபோல்டே' என்பதும் தவறு. 'சிபோட்லே மிளகாய்' என்பது 'நடு சென்டர்' மாதிரி. மிளகாய் ஏற்கெனவே பெயருக்குள் இருக்கிறது. நம் பக்கம் காய்ந்த மிளகாயை வத்தல் என்கிறோம், எனவே தமிழில் 'புகைவத்தல்' என்றால் பொருள் முழுதாக வந்துவிடும்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தாளிப்பில் வத்தல் கருகி வரும் கமறல் வேறு, இந்தப் புகை மணம் வேறு. இங்கே புகை என்பது உலர்த்தும் முறை. நம் வத்தலுக்குத் தோல் மெலிசு, களத்தில் பரப்பினால் வெயிலே போதும். ஹலபேனோவுக்குச் சதை தடிமன். வெறும் வெயிலில் தோல் காயும், உள்ளே அழுகும். அதனால் மெல்லிய சூட்டோடு புகை கொடுத்தார்கள். புகையிலுள்ள சில பொருள்கள் பூஞ்சையையும் தடுக்கும்.

கடையில் இருவகை உண்டு. நீண்ட நேரம் புகையில் கிடந்து சாம்பல்-பழுப்பு நிறமானது 'மேக்கோ'. சற்றுச் சிறிதாகக் கருஞ்சிவப்பில் இருப்பது 'மொரீட்டா'. மல்பெரி போன்ற பழத்தின் பெயரிலிருந்து வந்த செல்லப்பெயர். தக்காளி, வினிகர், பூண்டுச் சாற்றில் ஊறி டின்னில் வந்தால் அது 'அடோபோ'வில் போட்ட சிபோட்லே. பாட்டில் சாஸில் வெறும் 'புகைச் சுவையூட்டி' மட்டும் இருக்கலாம். வாங்குமுன் பின்பக்கம் படியுங்கள்.

இதை வீட்டில் செய்ய முடியுமா? நம் முண்டு வத்தலில் வருமா?
– வாசகர், உசிலம்பட்டி

செய்யலாம், ஆனால் காய்ந்த முண்டில் வேண்டாம். ஈரம் உள்ள மேற்பரப்பில்தான் புகை நன்றாக ஒட்டும். உலர்ந்த வத்தலில் மேலோடு நின்றுவிடும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டுக்குச் சொந்த மணம் உண்டு, அதைக் கெடுப்பானேன்?

ஹலபேனோ கிடைக்காவிட்டால் நன்றாகச் சிவந்த பஜ்ஜி மிளகாய் 1 கிலோ எடுங்கள். காரம் குறையும், சதை ஏறக்குறைய ஒத்துவரும். பச்சைக்காய் வேண்டாம், புல் வாடை நிற்கும். கழுவி, ஈரம் துடைத்து, நீளவாக்கில் பிளந்துகொள்ளுங்கள்.

விறகு நம்மிடம் ஏராளம். மெக்சிகோவில் புகைக்குப் பயன்படும் மெஸ்கீட்டும் நம் சீமைக்கருவேலமும் நெருங்கிய உறவு. (ஊரெல்லாம் திட்டுகிற மரத்துக்கு இப்படி ஒரு பயன்.) காய்ந்த சிராய் மட்டும் போடுங்கள். பெயின்ட் அடித்த பலகை, பிசின் வடியும் கட்டை ஆகாது.

மொட்டை மாடியில், திறந்த வெளியில், மூடியுள்ள பெரிய தகர டின்னின் அடியில் சிரட்டைக் கங்கு இரண்டு கைப்பிடி. அதன் மேல் நாலைந்து சிராய். இரண்டடி உயரத்தில் எவர்சில்வர் கம்பிவலை வைத்துக் காயைப் பரப்பி, மூடியைச் சற்றுத் திறந்து விடுங்கள். வலையருகே கையை நீட்டினால் பத்து எண்ணும்வரை தாங்க வேண்டும். அதற்குமேல் சுட்டால் காய் வெந்து சாறு வடியும், கருகும். புகை நீலமாக மெலிந்து வர வேண்டும். வெள்ளையாக அடர்ந்தால் விறகில் ஈரம் இருக்கிறது, கசப்பு ஏறிவிடும். கங்கைச் சேர்த்துச் சேர்த்து 6 முதல் 8 மணி நேரம். இடையில் ஒருமுறை திருப்புங்கள்.

பிறகு நல்ல வெயிலில் 2, 3 நாள் உலர்த்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். தோல் வார்போல் வளைந்து, உள்ளே ஈரம் ஒட்டாமல் இருந்தால் பதம். 1 கிலோவுக்குச் சுமார் 100 கிராம் தேறும். உள்ளே வெள்ளைப் பூஞ்சை கண்டால் அந்தத் துண்டை எறியுங்கள். துடைத்துப் பயன்படுத்தக் கூடாது.

தக்காளிச் சட்னிக்கு எத்தனை போடலாம்?
– வாசகி, மேலூர்

6 தக்காளிக்கு 2. எண்ணெயில் வறுக்காதீர்கள், கசந்துவிடும். 20 நிமிடம் வெந்நீரில் ஊறவைத்து அரையுங்கள். புகைவத்தல் இல்லையென்றால் ஒன்றுக்குப் பதில் 1 தேக்கரண்டி ஸ்மோக்டு பாப்ரிகாவும் (புகையூட்டிய சிவப்பு மிளகாய்த் தூள்) கால் தேக்கரண்டி வத்தல் தூளும்.